வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களுக்கு, காரைக்குடியிலிருந்து

பெருமதிப்பிற்குரிய பிள்ளை அவர்களுக்கு,

காரைக்குடி நீதிமன்றங்களில் தொழில் நடத்தும் வழக்குரைஞர் ஒருவர் எழுதும் மடல் இது. கப்பல் விட்டதற்காகவும் செக்கு இழுத்ததற்காகவும் உங்களுக்கு நன்றி சொன்னவர்கள் ஏராளம். ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று உங்கள் சிலைகளுக்கு மாலை விழுகிறது. தூத்துக்குடித் துறைமுகமே 2011 முதல் உங்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. நான் நன்றி சொல்ல நினைப்பது இவற்றுக்கெல்லாம் முந்திய ஒன்றுக்கு. நீங்கள் வக்கீலாக இருந்தீர்களே, அதற்கு.

சுதேசிக் கப்பல் என்றதும் எல்லோரும் உங்கள் துணிச்சலைப் பேசுகிறார்கள். அந்தத் துணிச்சலுக்குக் கீழே ஒரு தொழிலறிவு இருந்தது. பங்கு பிரித்து, விதி எழுதி, பதிவு செய்து, ஒப்பந்தம் போட்டு, கணக்கு வைத்து ஒரு கம்பெனியைச் சட்டத்தின் முன் நிற்கவைத்த அறிவு அது. அதைப் பேசுகிறவர்கள் குறைவு. அதே தொழிலில் இருப்பவன் என்பதால், அந்தக் கடனை நானாவது எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதைச் செட்டிநாட்டிலிருந்து எழுதுவதற்கும் காரணம் உண்டு. எங்கள் ஊரில் கடல் இல்லை. தென்கிழக்கே தொண்டிக்குப் போனால்தான் உப்புக்காற்று. ஆனால் எங்கள் வீடுகளைப் பாருங்கள்: முகப்புத் தூணில் பர்மாத் தேக்கு, தரையில் இத்தாலியப் பளிங்கு, கல்யாணக் கொட்டகையில் பெல்ஜியம் கண்ணாடி. அத்தனையும் கப்பலில் வந்தவை. அவற்றை வாங்கிய பணமும் ரங்கூனிலும் மோல்மேனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் ஈட்டி, கப்பலில் வந்ததுதான். அந்தக் கப்பல் மட்டும் எங்களுடையதாக இல்லை. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி வைத்ததே கட்டணம், அது புறப்படுகிற நாளே நல்ல நாள். உங்கள் கம்பெனி போன பிறகும் அதே நிலைதான் நீடித்தது. எங்கள் பெரியவர்கள் இன்றும் பெயர் சொல்லி நினைக்கும் ‘ரஜுலா’, 1926-ல் அதே கம்பெனி மிதக்கவிட்ட கப்பல். சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் மலாயாவுக்கும் இடையே 1970-கள் வரை ஓடியது.

காகிதத்தின் அருமை தெரிந்த ஊர் இது. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதுகிற சமூகம். எங்கள் பாட்டையா பர்மாவுக்குப் போனபோது எழுதிய சம்பளச் சீட்டு வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. மேலே ‘சிவமயம்’. அடுத்து ஊர், கோயில் பிரிவு, யாருடைய கடையில், எந்தப் பொறுப்பில், எத்தனை வருஷக் கணக்கு, முன்பணம் எவ்வளவு, ஊர் திரும்பியதும் பேரேட்டை எப்படி ஒப்படைப்பது என்று வரிசையாக எழுதியிருக்கிறது. முதலாளியும் ஆளும் சொந்தக்காரர்கள்தாம், ஆனாலும் எழுத்தில் ஒரு சொல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. கடல் கடந்து போகிறவனுக்கும் ஊரில் இருப்பவனுக்கும் நடுவே நம்பிக்கை கெடாமல் காப்பாற்றியது அந்த ஒரு தாள். அதைப் படித்துப் பழகிய கண்ணோடு உங்கள் கம்பெனியின் கட்டமைப்பைப் பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நீங்கள் ஒட்டப்பிடாரத்து வக்கீல் வீட்டுப் பிள்ளை. தந்தையார் உலகநாத பிள்ளையும் வக்கீல். திருச்சிராப்பள்ளியில் சட்டம் படித்துத் தேறி, 1895-ல் சொந்த ஊரிலேயே பிளீடராகத் தொழில் தொடங்கினீர்கள். வசதியுள்ளவர்களுக்காகத் தந்தை நின்ற வழக்கில் எதிர்த்தரப்பு ஏழைக்காக மகன் நின்றதும் உண்டு என்கிறார்கள் உங்கள் வரலாற்றை எழுதியவர்கள். 1900-ல் தூத்துக்குடிக்கு மாறினீர்கள். சிற்றூர் நீதிமன்றத்தில் நிற்கிறவனுக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித்தராத பாடம் ஒன்று கிடைக்கும். பிராமிசரி நோட்டில் கைநாட்டு வைத்தவன் என்ன நினைத்து வைத்தான், வாங்கியவன் என்ன நினைத்து வாங்கினான் என்று இருவர் முகத்தையும் பக்கத்தில் நின்று பார்க்கிற பாடம். வாய்தா வாங்கி வாங்கியே எதிராளியைச் சோர்ந்துபோக வைக்கலாம் என்பதும், பணமுள்ளவனுக்குக் காலமே ஆயுதம் என்பதும் அங்கேதான் புரியும். பிற்பாடு ஒரு பெரிய கம்பெனி உங்களிடம் அதே ஆயுதத்தைக் காட்டியபோது நீங்கள் அசராததற்கு ஒட்டப்பிடாரம் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1906 அக்டோபர் 16. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவான நாள். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்குகள் 40,000, பங்கு ஒன்று 25 ரூபாய். இந்த 25 ரூபாயில்தான் நான் உங்களைப் பார்க்கிறேன். பங்கு விலையை 500 என்றோ 1,000 என்றோ வைத்து, நாலு ஜமீன்களையும் பத்து வியாபாரிகளையும் பிடித்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். 25 ரூபாயும் அன்று சின்னத் தொகை இல்லை. ஆனாலும் பள்ளிக்கூட வாத்தியாரும் நடுத்தரக் கடைக்காரரும் சேர்த்துவைத்து எட்டிப்பிடிக்கக்கூடிய தொகை. கப்பல் கம்பெனியைப் பொதுஜனத்தின் சொத்தாக ஆக்க வேண்டுமென்ற எண்ணம் மேடைப் பேச்சில் வருவதற்கு முன்பே பங்கின் விலையில் வந்துவிட்டது. ஆசியாவைச் சேர்ந்தவர்கள் மட்டுமே பங்கு வாங்கலாம் என்ற விதியும் அப்படியே. பிற்காலத்தில் எவனாவது பங்குகளை வாங்கிக் குவித்துக் கம்பெனியை விழுங்கிவிடாதபடி வாசலிலேயே போட்ட தாழ்ப்பாள் அது. கப்பல் விடுவதோடு நிற்காமல், நம்மவர்களுக்குக் கப்பலோட்டும் தொழிலைப் பழக்குவதையும் கப்பல் கட்டும் துறை அமைப்பதையும் நோக்கங்களில் எழுதிவைத்தீர்கள்.

பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரைத் தலைவராக்கி, ஹாஜி முகம்மது பக்கீர் சேட் செயலாளராக இருக்க, நீங்கள் எடுத்துக்கொண்டது துணைச் செயலாளர் பொறுப்பு. கோப்பும் கடிதமும் அலைச்சலும் யார் தலையில் விழும் என்பது எந்த நிர்வாகக் குழுவிலும் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தீர்கள். எதிராளியான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி அழுத்தம் கொடுத்ததும் கப்பல்காரர்கள் பின்வாங்கினார்கள். அப்போது நீங்கள் ஆத்திரப்பட்டு நின்றுவிடவில்லை. ஓட்டம் அறுந்துபோகக்கூடாது என்று உடனே கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தினீர்கள். வாடகை ஒப்பந்தத்தை நம்பிக் கம்பெனி நடத்த முடியாது, கப்பல் நம் பெயரிலேயே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கும் வந்தீர்கள். மும்பைக்குப் போய் அலைந்தீர்கள். 1907-ல் ‘காலியா’வும் ‘லாவோ’வும் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. உங்களுக்காகத் தன் ‘இந்தியா’ இதழில் ஓயாமல் எழுதிய பாரதியார், 1919-ல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தார். அப்போது இங்கே எடுத்த புகைப்படம் இன்றும் எங்கள் ஊரின் பெருமை. சங்கத்துக்காரர்களிடம் உங்களைப் பற்றி அவர் பேசாமலா இருந்திருப்பார் என்று நான் அடிக்கடி எண்ணிக்கொள்வேன்.

பிறகு கட்டணப் போர். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காரர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் என்று குறைத்தார்கள், நீங்கள் அரை ரூபாய்க்கு இறங்கினீர்கள். அவர்கள் இலவசம் என்றார்கள், கூடவே ஒரு குடையும் தருவதாகச் சொன்னார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. வக்கீலின் கண்ணுக்கு அதில் வேறொன்று தெரிகிறது. போட்டியாளனை ஒழிப்பதற்காகவே அடக்கவிலைக்கும் கீழே விற்பதைத் தடுக்க, உங்கள் காலத்து இந்தியச் சட்டத்தில் ஒரு பிரிவும் கிடையாது. உங்களுக்குத் தெரியாத சட்டமா? நீதிமன்றத்துக்குப் போக வழியில்லை என்று தெரிந்தேதான் மக்களிடம் போனீர்கள். இன்று 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம் இருக்கிறது. சந்தையில் ஆதிக்கம் செலுத்தும் நிறுவனம் எதிராளியை விரட்டுவதற்காக விலையை அடிமட்டத்துக்கு இறக்கினால், அதன் 4-வது பிரிவின்கீழ் அது முறைகேடு. அந்தப் பிரிவைப் புரட்டும்போதெல்லாம் தூத்துக்குடி–கொழும்பு டிக்கெட்டும் அந்தக் குடையும்தான் என் கண்முன் வரும். 1907-ல் உங்கள் கையில் அந்த ஒரு பிரிவு இருந்திருந்தால் எங்கள் பாட்டையாமார் யாருடைய கப்பலில் ஏறியிருப்பார்கள்!

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது சுப்பிரமணிய சிவாவோடு நீங்களும் அவர்கள் பக்கம் நின்றீர்கள். ஒன்பது நாளில் கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தன. பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்துகொண்டே கூலிக்காரனுக்காகவும் வாதாடினீர்கள். துறைமுக வாரியங்களில் தொழிலாளர் தரப்புக்கும் நாற்காலி உண்டு என்று பிற்காலத்துச் சட்டங்கள் ஏற்றுக்கொண்டதை, நீங்கள் எந்தச் சட்டமும் இல்லாத காலத்தில் நடைமுறையில் காட்டினீர்கள்.

மார்ச் 12-ல் கைது. ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தீர்ப்பு: ராஜதுரோகத்துக்கான 124-ஏ பிரிவின்கீழ் ஓர் ஆயுள், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும் வக்கீல் சன்னது போய்விட்டது. கோயம்புத்தூர்ச் சிறையின் செக்கைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அது இப்போது சென்னை கிண்டியில் பார்வைக்கு இருக்கிறது. என்னை நெகிழவைப்பது, அதே சிறைக்குள்ளிருந்து நீங்கள் விடாமல் அனுப்பிக்கொண்டிருந்த மனுக்கள். உரிமத்தைப் பறித்துக்கொண்டார்கள், தொழிலைப் பறிக்க முடியவில்லை. உங்களைத் தண்டித்த அந்த 124-ஏ பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது என்ற செய்தி வந்த அன்று, வக்கீல்கள் சங்க அறையில் முதலில் அடிபட்ட பெயர் உங்களுடையதுதான்.

நீங்கள் உள்ளே இருந்தபோதே, 1911-ல், கம்பெனி கலைந்தது. அதே ஆண்டில், உலகத்தின் மறுகோடியில் நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் சியாட்டில் நகரமும் அதைச் சுற்றிய கிங் மாவட்டமும் வாக்கெடுப்பு நடத்தி, ரயில்வே முதலாளிகளின் பிடியிலிருந்த துறைமுகத்துக்கு மக்களே ஆணையர்களைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தன. வாக்கெடுப்பு நடந்தது செப்டம்பர் 5. உங்கள் பிறந்தநாள்! இன்றுவரை அங்கே துறைமுக ஆணையர்கள் தேர்தலில் நின்றுதான் வருகிறார்கள். வேட்பாளர் வக்கீலாக இருந்தால், எந்தெந்த வழக்குகளை நடத்தினார், யாருக்காக நின்றார் என்று வாக்காளர்கள் விசாரிக்கிறார்கள்.

அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலும் துறைமுக ஆணையர்கள் இருந்தார்கள். கல்கத்தாவில் 1870 முதல், ரங்கூனில் 1880 முதல், சென்னையில் 1905-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அறங்காவலர்கள். வணிகச் சங்கங்களிலிருந்து வெள்ளைக்காரக் கம்பெனிகளின் ஆட்கள் பெருமளவில் அமர்ந்த வாரியங்கள் அவை. துறைமுகக் கட்டணமும் படகுத்துறையும் கிடங்கும் யாருக்கு முதலில் என்பதை அந்த மேசைகள் தீர்மானித்தன. உங்களைப் போன்ற ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டியவர். உட்காரவைக்க வேண்டிய அரசு உங்களைக் கூண்டில் நிறுத்தியது.

இன்று துறைமுகத்தில் வக்கீலுக்கு வேலை என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் அலுவலகத்துக்கு வந்த ஒருவரைச் சொல்கிறேன். ஆத்தங்குடித் தரைக்கல்லை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். ஆளை வைத்துக் கையால் கண்ணாடிமேல் சாயம் ஊற்றி, சிமென்ட் போட்டு, வெயிலில் காயவைத்துச் செய்யும் கல். ஒரு தாளில் எடை தவறாக இருந்ததால் கன்டெய்னர் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. நாள் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. கிளியரிங் ஏஜென்ட் கப்பல் கம்பெனியைக் கைகாட்டுகிறார், கப்பல் கம்பெனி முனையத்தைக் கைகாட்டுகிறது. அவர் கையிலிருந்த பில் ஆஃப் லேடிங் என்ற சரக்குச் சீட்டின் பின்புறம் பொடி எழுத்தில் முப்பது நிபந்தனைகள். படிக்காமல் வாங்கிக்கொண்டவர் பேரில்தான் அத்தனையும் பாய்கின்றன. எந்தத் தவறு யாருடையது என்று பிரித்து எழுதி, அறிவிப்பு அனுப்பி, பாதிக்கும் மேல் குறைத்து வாங்கினோம். நாலு பக்கக் கடிதம், அவ்வளவுதான். அந்த நிபந்தனைகளை வகுக்கிற இடத்தில், இந்த மாதிரி ஆளுக்காக வாதாடிப் பழகிய ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

2021-ம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையச் சட்டம் வந்த பிறகு வாரியங்களின் கையில் அதிகாரம் கூடியிருக்கிறது. கட்டணம் வகுப்பது, நிலத்தைக் குத்தகைக்கு விடுவது, முனையங்களைத் தனியாரிடம் பல பத்தாண்டுகளுக்கு ஒப்படைப்பது என்று ஒவ்வொன்றும் ஒப்பந்தம். வெளியிலிருந்து தனி உறுப்பினர்களை நியமிக்கவும் அதில் இடம் இருக்கிறது. அந்த இடங்களில் ஒன்றுக்கு, பெரிய கம்பெனிகளின் ஆலோசகராகவே காலம் தள்ளியவரைவிட, முன்சீப் கோர்ட்டில் சிறு வியாபாரிக்கும் மீனவருக்கும் வக்காலத்துப் போட்ட வக்கீல் பொருத்தமானவர் என்பது என் துணிபு. சம்பளம் கிடைக்காத மாலுமி, 2017-ம் ஆண்டின் கடல்சார் வழக்குச் சட்டத்தின்படி கப்பலையே நீதிமன்ற ஆணையால் துறைமுகத்தில் பிடித்து நிறுத்த முடியும். அந்த உரிமை அவனுக்கு இருப்பதை அவனிடம் சொல்ல ஆள் வேண்டுமே! அந்த ஆள் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் உங்களைக் காட்ட முடிகிறது. அதற்கும் நன்றி.

இன்னொரு நன்றி, கணக்குக்காக. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் உங்கள் குடும்பத்துக்கென்று திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்த பணம் வந்துசேரத் தாமதமானபோது, நீங்கள் அவருக்கு 1915-ல் எழுதிய கடிதங்கள் ஆ. இரா. வேங்கடாசலபதி போன்றோரின் உழைப்பால் நமக்குக் கிடைத்திருக்கின்றன. விடுதலையாகி வறுமையில் இருந்தீர்கள். அப்போதும் கோபமில்லை, கெஞ்சலும் இல்லை, மரியாதை குறையாமல் விவரம் கேட்கிறீர்கள். 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. அந்த 12 அணாவையும் விடாமல் எழுதிவைக்கிற பழக்கத்தை எங்கள் ஊரில் கடைக்கணக்குப் பழகும் பெட்டியடிப் பையன்கள்கூடப் புரிந்துகொள்வார்கள்.

சன்னதை நீதிபதி ஈ. எச். வாலஸ் திருப்பிக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றிக்காக உங்கள் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தீர்கள். எந்த அரசு உங்களை நொறுக்கியதோ அதன் நீதிபதி ஒருவர் செய்த நியாயத்தைப் பிள்ளையின் பெயரில் எழுதிவைத்த மனசு பெரிய மனசு. மறுபடியும் கோவில்பட்டியில் வக்கீல் தொழில், 1932-ல் மறுபடியும் தூத்துக்குடி. வருமானம் போதவில்லை. ஆனாலும் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையையும் திருக்குறளுக்கு மணக்குடவர் உரையையும் பதிப்பித்தீர்கள். ஓலையில் எந்தப் பாடம் சரி என்று தேர்கிற வேலையும் சாட்சியத்தை எடைபோடுகிற வேலைதானே.

1936-ல் நீங்கள் எழுதிவைத்த உயிலைப் பலமுறை படித்திருக்கிறேன். 10 லட்சம் மூலதனக் கம்பெனியை எழுப்பியவர், எண்ணெய்க் கடைக்கும் துணிக் கடைக்கும் பாக்கி நிற்கும் சில்லறைக் கடன்களை ஒவ்வொன்றாகப் பெயரோடு குறித்து, அவற்றைத் தீர்க்கும் வழியையும் எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் பேரேட்டை முடிக்காமல் யாரும் கடையை ஒப்படைக்க மாட்டார்கள். நீங்களும் ஒப்படைக்கவில்லை.

2024 ஆகஸ்டில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஒரு பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. அதன் பெயர் ‘சிவகங்கை’. கடலே இல்லாத எங்கள் மாவட்டத்தின் பெயர் அதில் இருக்கிறது. இலங்கைக்குப் போகும் எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் டிக்கெட் எடுக்குமுன் அதன் நிபந்தனைகளை என்னிடம் காட்டிப் படிக்கச் சொல்கிறார்கள். படித்து, கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறேன். வக்கீல் தொழிலுக்கு இது சின்ன வேலை என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாதபடி நீங்கள் செய்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.


காரைக்குடி வழக்குரைஞர் ஒருவர்